கேள்வி எண் நான்கு

கமாவா, செமிகோலனா. மூன்று நிமிஷமாகக் கர்சர் அதே இடத்தில் துடித்துக்கொண்டிருக்கிறது, நானும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வாக்கியம் ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. கணக்கெடுப்புக்குப் போனவர்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு முறை போனார்கள், மூன்றாவது முறை கதவு பூட்டியிருந்தது, அந்த வீட்டை விட்டுவிட்டார்கள். அவ்வளவுதான். ஏதோ ஆப்பிரிக்க நாட்டில் குழந்தைகள் என்ன சாப்பிடுகின்றன என்று நார்வேக்காரர் ஒருவர் எழுதிய கட்டுரை. அதற்குச் சென்னை பெருங்குடியில் நாலாவது மாடியில், ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்து நான் புள்ளி வைக்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக வைக்கிறேன். இரண்டு முழு வாக்கியங்களை வெறும் கமாவால் ஒட்டக் கூடாது, தாங்காது. செமிகோலன் வைக்கலாம், இல்லையென்றால் முற்றுப்புள்ளி வைத்துப் பிரித்துவிடலாம். இது இந்த வேலையின் பால்பாடம். தமிழில் இந்தத் தொல்லையே கிடையாது. போய், பார்த்து, தட்டி, திரும்பி என்று எச்சத்தைப் போட்டுக்கொண்டே ஊர்க்கோடி வரைக்கும் போகலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். இங்கிலீஷ்காரன் கேட்பான். அவன் கேட்பதற்கு முன்னால் நான் கேட்க வேண்டும், அதற்குத்தான் சம்பளம். செமிகோலன் வலது கைச் சுண்டுவிரலுக்கு நேர் கீழே இருக்கிறது, அழுத்தினால் முடிந்தது. விரல் நகர மாட்டேன் என்கிறது. மணி இரண்டு நாற்பது. மூன்றரைக்குள் ஃபைலை ஏற்றியாக வேண்டும், இன்னும் பதினோரு பக்கம் இருக்கிறது.

இந்த வாக்கியத்தை நான் ஏற்கெனவே திருத்திவிட்டேன். அதுதான் விஷயம், அதனால்தான் விரல் முரண்டு பிடிக்கிறது. இதே இரண்டு முறை, இதே மூன்றாவது முறை, இதே பூட்டிய கதவு, நடுவில் இதே கமா. அதைத் தூக்கிவிட்டு செமிகோலன் போட்டது கூட விரலுக்கு நினைவிருக்கிறது. எங்கே போட்டேன் என்பதுதான் தெரியவில்லை. இந்த நார்வேக்காரர் ஒரே பத்தியை இரண்டு கட்டுரையில் போட்டிருக்கிறாரோ என்னவோ, பெரிய பெரிய ஆட்களே அந்த வேலையைச் செய்கிறார்கள், போன வருஷம் ஒருத்தரை நான்தான் பிடித்துக்கொடுத்தேன். நாலாம் பக்கத்தில் சொன்னதைப் பத்தொன்பதாம் பக்கத்தில் திரும்பச் சொன்னால் என் கண்ணுக்குத் தப்பாது. தேடுகிறேன். நேற்றைய ஃபைல், முழங்கால் அறுவை சிகிச்சை, கதவே இல்லை. முந்தாநாள் ஃபைல், கடல் அரிப்பு, அதில் ஒரு மதகு இருக்கிறது, கதவு இல்லை. வெள்ளிக்கிழமை ஃபைல், கோழித் தீவனம். கோழிக்கூண்டுக்குக் கதவு இருக்கிறது, ஆனால் யாரும் அதை மூன்று முறை போய்ப் பார்க்கவில்லை. உள்ளங்கை வியர்க்கிறது. ஏசி தலைமேல் கொட்டுகிற இடத்தில் ஏன் வியர்க்க வேண்டும்? மத்தியானம் சாப்பிட்ட வாழைக்காய் பொரியலாக இருக்கும், வத்சலா எண்ணெய் கொஞ்சம் தாராளமாகவே விடுவாள். என் மனைவிக்குக் கை தாராளம், வாயும் தாராளம். நீங்க எதையும் படிக்கறதே இல்ல, எழுத்துல பேன் பாக்கறீங்க என்பாள். கல்யாணப் பத்திரிகை வந்தால் மாப்பிள்ளை பெயரைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, மூன்றாவது வரியில் ஒரு கமா குறைகிறது என்பதைச் சொல்லிவிடுவேன். அவள் சொல்வது நிஜம்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, மறைப்பானேன்.

"என்ன சார், ஒரே இடத்துல நிக்கறீங்க?" பக்கத்து நாற்காலி ஷகிலா பானு. பத்து வருஷமாகப் பக்கத்தில் இருக்கிறாள், என் திரை உறைந்துபோனால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

"ஒண்ணுமில்ல பானு. இந்த வரிய எங்கயோ பாத்த மாதிரி இருக்கு."

"எல்லா வரியும் அப்படித்தான் சார் இருக்கு எனக்கு. டீ டைமுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கு, ஓட்டுங்க."

ஓட்டுகிறேன். நான் ஓட்டுவது தலைகீழாக. கடைசி வாக்கியத்தில் ஆரம்பித்து முதல் வாக்கியத்தில் முடிப்பேன். மேலிருந்து கீழே படித்தால் விஷயம் ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும், கண் தவறை விட்டுவிடும். கீழேயிருந்து மேலே போனால் விஷயம் என்று ஒன்று இருப்பதே தெரியாது, ஒவ்வொரு வாக்கியமும் அநாதையாக வந்து நிற்கும், எலும்பு எலும்பாகப் பார்த்து அனுப்பிவிடலாம். இது நானே கண்டுபிடித்த வழி. புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள், மாசக் கடைசியில் யார் கணக்கில் எத்தனை தவறு என்று பட்டியல் வந்ததும் சிரிப்பு நின்றுவிடும். புரியாத இடம் வந்தால் நாங்களாகத் தொடக் கூடாது, எழுதியவரைத்தான் கேட்க வேண்டும். ஓரத்தில் எண் போட்டுக் கேட்போம், கொயரி என்று பெயர். கொயரி ஒன்று, இந்த ஆண்டு சரியா. கொயரி இரண்டு, இந்தப் படம் எங்கே. பதில் எங்களுக்கு வராது, அது வேறு மேஜைக்குப் போய்விடும். ஒரு லட்சம் கேள்வி கேட்டிருப்பேன், ஒரு பதிலைக்கூடப் பார்த்ததில்லை. இதையெல்லாம் எதற்கு இப்போது யோசிக்கிறேன்? பதினோரு பக்கம். கதவு. கொயரி நான்கு. அந்தக் கதவு பக்கத்தில் ஒரு கொயரி போட்டேன். நான்காம் எண். எந்தக் கதவு, தெளிவுபடுத்தவும். ஆமாம், போட்டேன், இன்றைக்குத்தான் போட்டேன். இன்றைக்கு இந்த ஃபைலைத் தவிர நான் வேறு ஃபைலைத் தொடவில்லை.

தொட்டேன். காலையில் ஆறு மணிக்கு, வீட்டில். சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, காப்பி டம்ளரை அந்தப் பக்கம் தள்ளிவிட்டு. மிருதுளாவுடையது. என் பெண், புனேயில் எம்.எஸ்சி. ஸ்டாட்டிஸ்டிக்ஸ், இரண்டாம் வருஷம், ஹாஸ்டல். வெளிநாட்டில் பிஎச்.டி.க்கு விண்ணப்பம் போடுகிறாள், தன்னைப் பற்றி நாலு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள், அதை நேற்றுச் சாயந்திரம் எனக்கு அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு செய்தி. அப்பா இதை நீங்க மட்டும் படிங்க, அம்மாகிட்ட காட்ட வேணாம், அவசரம் ஒண்ணும் இல்ல, ஆனா படிங்க. பெரிய மனுஷி, அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது என்று எகத்தாளம் என்று நினைத்துக்கொண்டேன். படிங்க என்று இரண்டு தடவை எழுதியிருந்தாள். பாருங்க என்று எழுதவில்லை, திருத்துங்க என்று எழுதவில்லை. என்னிடம் இதுவரை எதைக் கொடுத்தாலும், கொஞ்சம் பாத்துக் குடுங்கப்பா என்றுதான் சொல்வாள். அது இப்போது தெரிகிறது. காலையில் தெரிந்தது நாற்பத்தோரு திருத்தம். நாற்பத்தொன்று, எண்ணி வைத்தேன், அவளிடம் சொல்லிக் காட்டலாம் என்று. அதில் பாதிக்கு மேல் கமா. சின்ன வயசிலிருந்தே அவளுக்கு இந்த வியாதி, வாக்கியம் முடிந்தாலும் நிறுத்த மாட்டாள், கமா போட்டுக்கொண்டே மூச்சு வாங்க ஓடுவாள். எட்டாம் வகுப்புக் கட்டுரை நோட்டில் நான் போட்ட சிவப்பைப் பார்த்து ஒரு நாள் முழுக்க அழுதாள். மூன்றாம் பக்கம் இரண்டாவது பத்தியில்தான் ஒரேயடியாகக் கமா. அங்கே மட்டும் நாலு செமிகோலன் போட்டேன். பத்தி எதைப் பற்றி? தெரியவில்லை. கீழேயிருந்து மேலே போனேன் இல்லையா, அதனால் தெரியவில்லை.

நிதானம். எலும்பு நினைவிருக்கிறது, சதையை வைத்துப் பார்க்கலாம். பத்தியின் கடைசி வாக்கியம், அதுதான் நான் முதலில் பார்த்தது, குட்டி வாக்கியம். நான், இன்னும், பிறகு ஒரு வினை, பிறகு படிக்கட்டு. நான் இன்னும் அந்தப் படிக்கட்டுப் பக்கம் போவதில்லை. சரி, அதில் தவறு இல்லை, விட்டுவிட்டேன். அதற்கு மேல் இருந்தது மூன்று துண்டு, நடுவில் இரண்டு கமா. இரண்டு முறை போனேன். மூன்றாவது முறை கதவு பூட்டியிருந்தது. முன்னால் ஒரு துண்டு, அதில் ஒரு கட்டடம், நூலகம். நூலகத்தின் மொட்டை மாடிக்கு ஒரு படிக்கட்டு இருக்கிறது. நூலகத்தின் மொட்டை மாடிக்கு ஒரு படிக்கட்டு இருக்கிறது, நான் இரண்டு முறை போனேன், மூன்றாவது முறை கதவு பூட்டியிருந்தது. இரண்டு கமாவையும் எடுத்துவிட்டு இரண்டு செமிகோலன் போட்டேன். அழகாக உட்கார்ந்தது. உட்கார்ந்தது என்று கூட நினைத்தேன், ஒரு வாய் காப்பி குடித்தேன். அதற்கு மேல்? அதற்கு மேல் ஞாயிற்றுக்கிழமை. பெரிய எழுத்தில் ஆரம்பிக்கும் என்பதால் அந்த வார்த்தையில் கண் நின்றது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பா போன் செய்வார், நான் மெஸ் சாப்பாட்டைப் பற்றிச் சொல்வேன். அதற்கும் மேல்? வாரக்கணக்கில் என்னால் கட்டிலிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. அவ்வளவுதான் பத்தி. மேலிருந்து கீழே. கட்டில், யாரிடமும் சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமை, அப்பா, மெஸ், மொட்டை மாடி, இரண்டு முறை, கதவு. ஓரத்தில் கொயரி நான்கு, எந்தக் கதவு, தெளிவுபடுத்தவும். எழுதியது நான். ஐயோ, கடவுளே. பெற்ற பெண்ணிடம் நான் எழுதினது.

இல்லை, வேறு எதற்காவது போயிருப்பாள். மொட்டை மாடிக்கு ஆயிரம் பேர் போகிறார்கள், காற்று வாங்க, போன் பேச, துணி காயப்போட. நூலகத்தில் யார் துணி காயப்போடுவார்கள்? கடந்த காலத்தில்தான் எழுதியிருக்கிறாள். போனேன், பூட்டியிருந்தது, முடிந்துபோன காரியம். முதல் வருஷம் இரண்டாவது செமஸ்டரில் மார்க் படுத்துவிட்டதே, வைரஸ் காய்ச்சல் என்றாளே, அந்தச் சமயமாகத்தான் இருக்கும். இப்போது நவம்பர், எட்டு மாசம் ஆகிவிட்டது. ஆனால் கடைசி வாக்கியம் நிகழ்காலம். நான் இன்னும் என்று ஆரம்பிக்கிறது. இன்னும். அந்த ஒரு வார்த்தை நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. அந்த மார்ச் மாசத்து ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன பேசினோம்? காலையில் பத்து மணிக்குக் கூப்பிடுவேன், சாப்பிட்டியாம்மா என்பேன், பூரி கிழங்கு, அப்புறம் ஒரு அல்வா மாதிரி என்னமோ என்பாள். அடுத்த வாரமும் பூரி கிழங்கு, அல்வா மாதிரி என்னமோ. அதற்கடுத்த வாரமும் அதே. என்னம்மா உங்க மெஸ்ல வேற எதுவும் தெரியாதா என்று சிரித்தேன், அவளும் சிரித்தாள். நாலாம் பக்கத்தில் வந்தது பத்தொன்பதாம் பக்கத்தில் வந்தால் பிடிக்கிற ஆள் நான். மூன்று வாரம் ஒரே வாக்கியத்தை என் காதில் போட்டிருக்கிறாள், எனக்கு உறைக்கவில்லை. ஏன் இங்கிலீஷில் எழுதினாள்? தமிழில் போனில் சொல்ல ஆரம்பித்தால் வத்சலா போனைப் பிடுங்குவாள், அழுகை, குலதெய்வம், அடுத்த ரயில். இங்கிலீஷில் எழுதினால் அது ஒரு பேப்பர். அப்பா பேப்பர் என்றால் ஒரு எழுத்து விடாமல் படிப்பார் என்று நினைத்திருக்கிறாள். ஒரு எழுத்து விடவில்லைதான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. நினைவுக்கு வர வேண்டாம் என்று தள்ளித் தள்ளி வைத்தேன், வந்தேவிட்டது. திருத்தியதை அனுப்பும்போது மேலே இரண்டு வரி எழுதினேன். நன்றாக இருக்கிறது, நீளம் குறைக்கவும். மூன்றாம் பக்கம் இரண்டாவது பத்தி படிப்புக்குச் சம்பந்தமில்லை, எடுத்துவிடலாம். படிக்காமலே சம்பந்தமில்லை என்று எப்படித் தெரிந்தது? கண்ணில் கட்டில் பட்டது, மெஸ் பட்டது, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படவில்லை. அதனால் எடுத்துவிடலாம். ஏழு பத்துக்கு அனுப்பினேன். உடனே பார்த்துவிட்டாள், இரண்டு நீலக் குறி விழுந்தது. டைப் செய்கிறாள் என்று காட்டியது. நான் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே பார்த்தேன், நிற்கும், மறுபடி வரும், நிற்கும். நாற்பத்தொன்றைப் பார்த்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன், எனக்குச் சிரிப்பு கூட வந்தது. அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. நான் பஸ் பிடித்தேன். எட்டு ஐம்பதுக்கு வாசலில் போனை லாக்கரில் வைத்துப் பூட்டினேன், எங்கள் தளத்தில் போன் கொண்டுவரக் கூடாது, கட்டுரைகளைப் படம் எடுத்துவிடுவார்களாம். எட்டு ஐம்பதிலிருந்து இப்போது வரை ஆறு மணி நேரம். காலை ஏழு பத்திலிருந்து என் பெண் அங்கே அந்த வரியோடு இருக்கிறாள். சம்பந்தமில்லை, எடுத்துவிடலாம். சாப்பாட்டு நேரத்தில்கூடப் போனை எடுத்துப் பார்க்காமல் நான் இங்கே வாழைக்காய் சாப்பிட்டேன்.

நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடிக்கிறது. நான்தான் எழுந்திருக்கிறேன் போலிருக்கிறது.

"சார்?" பானு ஹெட்ஃபோனைக் கழற்றுகிறாள். "என்ன சார், மூஞ்சியெல்லாம் ஒரு மாதிரி இருக்கு, பிபி மாத்திரை போட்டீங்களா?"

"போன் எடுக்கணும்."

"டீ டைம் மூணேகாலுக்குத்தான சார்? பிரவீன் பாக்கறான்."

பிரவீன் எங்கள் டீம் லீட். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவன் ஒன்றாம் வகுப்பு படித்திருப்பான். மரியாதையான பையன்தான், கடிகாரத்துக்கும் மரியாதை கொடுப்பான். எழுந்து வருகிறான். "குருநாதன் சார், நார்வே ஃபைல் மூணரைக்கு வேணும், கிளையண்ட் உக்காந்திருக்கான். ஒரு பத்து நிமிஷம் பொறுத்துக்கறீங்களா, பிரேக்ல போலாம்?" நான் வாயைத் திறக்கிறேன். இருபத்திரண்டு வருஷத்தில் நான் நேரம் தப்பி எழுந்ததில்லை, எழுந்தவர்களை ஒரு பார்வை பார்த்திருக்கிறேன், அந்தப் பார்வையை இப்போது பத்துப் பன்னிரண்டு பேர் எனக்குத் திருப்பித் தருகிறார்கள். என்ன சொல்வது? என் பெண் மூன்றாவது முறை போனபோது கதவு பூட்டியிருந்தது என்றா? "முடியாது தம்பி" என்று மட்டும் வருகிறது. குரல் என்னுடையது மாதிரி இல்லை. பானு என் திரையைத் தன் பக்கம் திருப்புகிறாள். "நீங்க போங்க சார். மீதிய நான் பாக்கறேன். பிரவீன், நீ வழி விடு."

நடை. இது எத்தனை நீளமான நடை என்று இதுவரை தெரிந்ததில்லை. கண்ணாடிக் கதவில் அட்டையைக் காட்டுகிறேன், சிவப்பு. துடைத்துவிட்டுக் காட்டுகிறேன், சிவப்பு. திருப்பி வைத்திருக்கிறேன், புத்திகெட்டவன். பச்சை. யார் பூட்டினார்கள் அந்தக் கதவை? ஒரு வாட்ச்மேனாக இருக்கும், அவருக்கு என்ன தெரியும், சாயந்திரம் ஆனால் பூட்டச் சொல்லியிருப்பார்கள், பூட்டியிருப்பார். அவர் யாரோ, எந்த ஊரோ, அவர் காலில் விழ வேண்டும். அன்றைக்கு அவர் லீவு போட்டிருந்தால்? பீடி குடிக்கப் போயிருந்தால்? நான் வருஷக்கணக்காகத் தெளிவுபடுத்தவும், தெளிவுபடுத்தவும் என்று எழுதிக்கொண்டிருந்ததெல்லாம் போதும், இப்போது ஒன்றே ஒன்று தெளிவானால் போதும், இந்த நிமிஷம் அவள் எங்கே இருக்கிறாள். லாக்கர் எண் நூற்றுப் பதினேழு. சாவி பேன்ட் பையில் இல்லை. சட்டைப் பையில் இல்லை. பேன்ட் பையிலேயே இருக்கிறது, கைக்குட்டைக்குள். சாவி ஓட்டையைச் சுற்றிச் சுற்றிக் கீறுகிறது. செக்யூரிட்டி அம்மா, பெயர் தேவகியம்மாள், ஒன்றும் கேட்காமல் வந்து சாவியை வாங்கித் திறந்து தருகிறாள்.

போனில் ஒரே ஒரு செய்தி. பன்னிரண்டு இருபதுக்கு வந்தது, மிருதுளா. நீளமான செய்தி, முதல் இரண்டு வரிதான் திரையில் தெரிகிறது. கொயரி ஒன்று: சரிப்பா. கொயரி இரண்டு: சரி. கொயரி மூன்று: ஆண்டு தப்பு, மாத்திட்டேன். கொயரி நான்கு: அதோடு திரை முடிந்துவிட்டது. விரலை வைத்தால் திறந்துவிடும். என் புத்தி எனக்குத் தெரியும், திறந்தால் நேரே அடிக்குத்தான் போவேன், கடைசி வரியைத்தான் முதலில் பார்ப்பேன். திறக்கவில்லை. கூப்பிடுகிறேன். ஒன்று. இரண்டு. மூன்றாவது மணி அடிக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறேன். நான்கு. ஐந்து.

"சொல்லுங்கப்பா."

"எங்கம்மா இருக்க?"

"ரூம்லதான். ஏன், ஆபீஸ் நேரத்துல கூப்பிடறீங்க? அம்மாவுக்கு ஏதாச்சுமா?"

"அம்மாவுக்கு ஒண்ணுமில்ல. தனியா இருக்கியா? பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

"ரூம்மேட் இருக்கா, தூங்கறா." அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிடுகிறது, எழுந்து உட்காருகிறாள் போலிருக்கிறது. "அப்பா, நான் நல்லாத்தான் இருக்கேன். ஆகஸ்ட்லேர்ந்து இங்க ஒரு டாக்டர்கிட்ட போறேன், மாத்திரையும் சாப்பிடறேன். எல்லாத்தையும் அதுல எழுதிட்டேனே, நாலாவது கொயரிக்கு. படிச்சீங்கதானே?"

சுவரைப் பிடித்துக்கொள்கிறேன். நல்லாத்தான் இருக்கேன். மறுபடி சொல்லச் சொல்லலாமா என்று இருக்கிறது. தேவகியம்மாள் தன் பிளாஸ்டிக் நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொள்கிறாள்.

"காலைல உங்க மெசேஜ் பாத்ததும் எனக்கு ஒண்ணுமே புரியலப்பா" என்கிறாள். "மேல சம்பந்தமில்ல, எடுத்துடலாம்னு போட்டிருந்தீங்க. அத்தோட மூடி வச்சுட்டேன். கிளாஸுக்கும் போகல. அப்புறம் பத்து மணிக்கு மேல ஃபைலத் திறந்து பாத்தா, ஓரத்துல எந்தக் கதவுன்னு கேட்டிருக்கீங்க. டாக்டர்கூட எத்தன நாளா, எத்தன தடவன்னுதான் கேட்டாங்க. எந்தக் கதவுன்னு யாருமே கேக்கல. அதப் பாத்துத்தான் அழுதேன், அப்புறம் உக்காந்து எழுதினேன்." மறுபடி கட்டில் கிறீச்சிடுகிறது. "ரெண்டையும் எழுதினது ஒரே ஆள்தானா? எடுத்துடலாம்னும், எந்தக் கதவுன்னும்? அதான் கேக்கறேன். படிச்சீங்களாப்பா, அந்தப் பத்திய?"

படிச்சேன்மா. ஒரே வார்த்தை. சொன்னால் அவளுக்கு ஒரு அப்பா இருப்பார், மூன்றாம் பக்கத்தை விடியற்காலையில் படித்து, கலங்கிப்போய், எப்படிக் கேட்பது என்று தெரியாமல் ஓரத்தில் ஒரு கேள்வியாகக் கேட்டுவைத்த அப்பா. எவ்வளவு நல்ல மனுஷன் அவர். அந்த ஆளை நம்பித்தான் பன்னிரண்டு இருபது வரை உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். அவரை இப்போது நான் போய்க் கெடுப்பதா? இந்த நேரத்தில் உண்மை எதற்கு, அது யாருக்கு மருந்து? ஆனால் அவள் ஞாயிற்றுக்கிழமைதோறும் எனக்குப் பூரி கிழங்கு சொன்னாள். நானும் அவளுக்கு ஒரு பூரி கிழங்கு சொல்லிவிட்டால் இரண்டு பேரும் இன்னும் பத்து வருஷம் அதையே சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். காதில் அவள் மூச்சு கேட்கிறது, சீராகத்தான் இருக்கிறது, காத்திருக்கிறாள்.

"இல்லம்மா" என்கிறேன். "படிக்கல. காலைல நான் பேன் பாத்தேன். கமாவத்தான் பாத்தேன். எந்தக் கதவுன்னு கேட்டது எல்லாருக்கும் கேக்கற மாதிரி கேட்டது, கை பழக்கத்துல கேட்டது. நீ என்ன எழுதியிருக்கேன்னே எனக்குத் தெரியாது. இப்ப ஒரு கால் மணி நேரத்துக்கு முன்னாடிதான் தெரிஞ்சுது, வேற யாரோட ஃபைல்லயோ ஒரு கதவு வந்துச்சு, அப்பத்தான் உன் வரி ஞாபகம் வந்துச்சு. நீ இப்ப அனுப்பினதையும் இன்னும் திறக்கல. பயமா இருந்துச்சு, அதான் கூப்பிட்டேன். என்ன மன்னிச்சிடும்மா."

வைத்துவிட்டாளா என்று திரையைப் பார்க்கிறேன், வைக்கவில்லை, நொடிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. எங்கோ ஒரு பிரஷர் குக்கர் விசில், மெஸ்ஸாக இருக்கும். போய்விட்டது, கெடுத்துவிட்டேன், சொல்லியிருக்கக் கூடாது. பேச வேண்டும் போல் இருக்கிறது, ராத்திரி ரயிலுக்கு வருகிறேன், அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், பிஎச்.டி.யும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று வரிசையாக வாயில் வந்து நிற்கிறது. பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

"நாப்பத்தோரு திருத்தம்" என்கிறாள் மிருதுளா. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்கிறது. "எண்ணினேன்."

"நானும் எண்ணினேன்மா."

"தெரியும். எண்ணாம இருக்க மாட்டீங்க." பிறகு ரொம்ப மெதுவாக, ஆனால் தெளிவாக, "சரி. நான் எழுதினத அப்புறம் படிச்சுக்கோங்க. இப்பக் கேளுங்க" என்கிறாள்.

பின்னால் கண்ணாடிக் கதவு திறக்கிறது, டீ நேரம் ஆகிவிட்டது, எல்லோரும் திமுதிமுவென்று லாக்கர் பக்கம் வருகிறார்கள். நான் தேவகியம்மாளின் நாற்காலியில் உட்கார்ந்து, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, போனைக் காதோடு அழுத்திக்கொள்கிறேன்.

"எந்தக் கதவும்மா?"

அவள் சொல்ல ஆரம்பிக்கிறாள். நான் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.